பெயரில் ஒன்றும் இல்லாதவர்கள் எழுந்து நிற்பது எப்படி?

டித்வா புயல் அடித்து ஒரு வாரம் கழித்து, கிளிநொச்சியிலிருந்து சித்தி தொலைபேசியில் அழைத்தார். லயத்துக்கு மேலே மண் அசைந்ததா, அம்மா எங்கே படுக்கிறார் என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்: “உங்கட பேரில ஏதாவது இருக்கோ?”

சித்தி பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009 இல் முள்ளிவாய்க்கால் வழியாக மெனிக் பாம் முகாமுக்குப் போய், அடுத்த வருடம் ஒரு பையோடு ஊர் திரும்பினார். வீடு இல்லை, மாடு இல்லை, கிணறும் தூர்ந்து கிடந்தது. ஆனால் அரை ஏக்கர் காணிக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்ததற்கும், பிறகு கச்சான் போட்டு, ஆடு வளர்த்து மெல்ல நிமிர்ந்ததற்கும் அந்தக் காகிதம்தான் அடி. நடுவில் நுண்கடனில் மாட்டிப் பட்ட பாடு வேறு கதை. வன்னி வாசகர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. சித்தியைப் போலவே மலையகத்திலிருந்து போய் அயலில் குடியிருந்த சிலருக்குக் காகிதம் இருக்கவில்லை. அவர்கள் எழும்ப இன்னும் பல வருடம் பிடித்தது. அதனால்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவர் பெயரில் இருந்தது ஊழியர் சேமலாப நிதி மட்டும். அதுவும் அக்காவின் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. நாங்கள் இருக்கும் காம்பரா தோட்டத்துடையது. தோட்டக் காணி அரசுடையது. 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போய் இப்போது நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது.

மலையகத்தின் பொருளாதாரம் என்றால் தெற்கிலும் வடக்கிலும் எல்லோரும் சம்பளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். 2019 இல் 700 ரூபாவாக இருந்த அடிப்படை நாட்சம்பளம் 2021 இல் 1,000 ஆகி, 2024 செப்டெம்பரில் 1,350 ஆகியது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ஆக உயர்த்தி, அரசாங்கத்தின் 200 ரூபா வரவு ஊக்கத்தொகையையும் சேர்த்து 1,750 என்றார்கள். மாதம் இருபது நாள் பெயர் விழுந்தால் 35,000 ரூபா. ஆனால் மழை பிடித்த மாதத்தில் இருபது நாள் யாருக்கு விழுகிறது? நிர்ணயித்த கிலோ வராத நாளில் அரைப்பேர். மலை சரிந்து பாதை மூடிய வாரத்தில் அரைப்பேரும் இல்லை.

செக்ரோலில் பெயர் விழுந்தாலும் கைக்கு வரும் காசு வேறு. தீபாவளி முற்பணம் மாதாமாதம் கழிகிறது. பண்டிகைக்கு வாங்கியதை அடுத்த பண்டிகை வரும்வரை கட்டுவது எங்கள் வீடுகளின் வழமை. கோயிலுக்கும் சங்கத்துக்கும் கழிவு உண்டு. மிச்சத்தில் கடைப் பற்று, பிள்ளையின் பஸ் காசு. ஒரு நல்ல மாதத்தில் சீட்டுக்கு இரண்டாயிரம் கட்டினால் அதுதான் சேமிப்பு.

கெட்ட காலம் வந்தால் முதலில் போவது தோடு. எங்களுக்கு வங்கி அடகுக்கடைதான். ஈடு வைக்கக் காணி உறுதி இல்லாதவருக்கும், மாதச் சம்பளப் பட்டியல் காட்ட முடியாதவருக்கும் உடனே காசு தரும் இடம் அது ஒன்றே. 2022 இல் எங்கள் லயத்தில் ஏறக்குறைய எல்லாக் காதும் வெறுங்காதாக இருந்தது. அந்த ஓகஸ்ட்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபா ஆனது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது. 2021 உரத்தடையால் கொழுந்தும் குறைந்து, வேலை நாளும் குறைந்திருந்தது. 2023 இல் லேர்ன்ஏசியா நிறுவனம் செய்த ஆய்வு, நாட்டில் 31 வீதமானோர் வறுமையில் இருப்பதாகவும் தோட்டப்புறத்தில் அது 51 வீதம் என்றும் சொன்னது. இப்போது பவுண் விலை மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அன்று ஏலத்தில் போன தோட்டை இந்தச் சம்பளத்தில் திரும்ப வாங்குவது நடக்கிற காரியமா? வருமானம் கூடிவிட்டது என்று புள்ளிவிபரம் காட்டலாம். விற்றுத் தீர்த்த பொருள் திரும்பவில்லை என்பதை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

அஸ்வெசும சிலருக்குக் கைகொடுத்தது. 2025 முதல் வறிய குடும்பத்துக்கு 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. அரிசிக்கும் மருந்துக்கும் அது உதவும், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து யாரும் ஒரு மாடு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

நிலத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தவர்கள் எச்சரித்தார்கள், போவதற்கு இடத்தை யாரும் காட்டவில்லை. தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இரண்டு வருடம் முடங்கிக் கிடந்தார்கள். 2016 இல் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கொடுக்கப்பட்டன. 2023 மார்ச்சில் அதே பூனாகலையில், கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்து இன்னொரு கூட்டம் வீடிழந்தது.

2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி பண்டாரவளையில் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க முன்னிலையில், இந்திய உதவியில் அமையும் பத்தாயிரம் வீட்டுத் திட்டத்தின் ஈராயிரத்துக்கு மேற்பட்ட பயனாளிகளுக்குக் காணி ஆவணங்கள் வழங்கப்பட்டன. வடக்கு வாசகர்களுக்குப் பண்டாரவளை என்றால் 2000 ஒக்டோபரின் பிந்துனுவெவ தடுப்பு முகாம் படுகொலைதான் நினைவுக்கு வரும். எங்களுக்கும் வரும். இருந்தாலும் அன்றைக்கு அந்த மைதானத்தில் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற பெண்களின் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த மாதக் கடைசியில் புயல் வந்தது. பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று.

முழுதாக உடைந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபா வரை என்று அரசாங்கம் அறிவித்தது. இலங்கையில் இதற்கு முன் இவ்வளவு பெரிய தொகையை நான் கேள்விப்பட்டதில்லை. காசு அறிவித்தாயிற்று, எந்த நிலத்தில் கட்டுவது? லயத்தில் இருந்தவருக்கு, சரியாத இடத்தில் நிலம் முதலில் வேண்டும். தோட்டத்துக்குள் அதைப் பிரித்தெடுக்கக் கம்பனி, பிரதேச செயலகம், அமைச்சு, கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். நல்ல தேயிலை நிற்கும் மட்டமான நிலத்தைக் கம்பனி விரும்பி விடாது. அது விட முன்வரும் மேட்டுநிலம் பல இடங்களில் ஆய்வில் தேறாது. உறுதி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அடகு வைக்கவும் பிள்ளைக்கு எழுதவும் முடிகிற உறுதியா, வெறும் குடியிருப்பு அனுமதிக் கடிதமா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். வன்னியில் அனுமதிப்பத்திரத்தோடு பல வருடம் அலைந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். உங்களில் யாருக்காவது இங்கே உறவினர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

வடக்கில் வந்து குடியேறுங்கள் என்ற அழைப்பையும் கேட்டோம். நல்ல மனதோடு சொன்ன பேச்சு அது. சித்தியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “வாறதெண்டா வாங்கோ. ஆனா காணி எழுதினாப் பிறகு வாங்கோ.”

அம்மா இப்போது இரவில் மழை பெய்தால் கோயில் மண்டபத்துக்குப் போய்ப் படுக்கிறார், விடிந்ததும் காம்பராவுக்குத் திரும்புகிறார். ஊவாவுக்கு அடுத்த பெருமழை ஒக்டோபரில் வரும். எங்கள் லயத்துக்கு மேலே உள்ள வெடிப்பை அளக்க ஆட்கள் ஒருமுறை வந்து போனார்கள். அறிக்கை எங்கே என்று கிராம சேவகரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன்.