ஜே மாஸ்கிஸின் இரண்டாவது குரல்



மின்கிட்டார் சிறப்பிதழ் என்றதும் அட்டையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்தான் இருப்பார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அங்கே நரைத்த நீள்முடியும் மூக்குக்கண்ணாடியுமாக நிற்பவரைப் பார்த்து ‘யார் இவர்?’ என்று கேட்பவர்களே உங்களில் அதிகம் இருப்பீர்கள். பெயர் ஜே மாஸ்கிஸ். ‘டைனோசர் ஜூனியர்’ என்ற அமெரிக்க இண்டி ராக் குழுவின் பாடகர், கிட்டார் கலைஞர். பேட்டி எடுப்பவர்கள் இவரிடம் படாத பாடு படுவார்கள். கேள்வி நீளமாக இருக்கும். நெடிய மௌனத்துக்குப் பிறகு பதில் நான்கு சொல்லில் வரும். ஆனால் மேடையில் மூன்று அடுக்கு ஆம்ப்ளிஃபயர்களுக்கு முன்னால் நின்று இவர் எழுப்பும் சத்தத்துக்குப் பயந்து, ஆரம்ப நாட்களில் சொந்த வட்டாரத்துக் கிளப்புகளே இந்தக் குழுவுக்குக் கதவைச் சாத்தின.

1965இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆமெர்ஸ்ட் என்ற கல்லூரி நகரில், ஒரு பல் மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பள்ளி நாட்களில் ‘டீப் வூண்ட்’ என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவில் இவர் வாசித்தது டிரம்ஸ். அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவர் லூ பார்லோ. 1984இல் புதிய குழு தொடங்கியபோது மாஸ்கிஸ் கிட்டாருக்கு வந்தார், பார்லோ பேஸ் கிட்டாருக்குப் போனார், டிரம்ஸில் மர்ஃப் உட்கார்ந்தார்.

இவர் அடிப்படையில் ஒரு டிரம்மர் என்பதை மறந்துவிட்டால் இவருடைய கிட்டார் பிடிபடாது. டிரம்ஸில் மெல்லத் தட்டினால் ஒன்று, ஓங்கி அடித்தால் வேறொன்று. கை வேகம் அப்படியே காதுக்கு வந்துவிடும். கிட்டாரில் அந்த ஏற்ற இறக்கம் போதவில்லை என்று இவருக்குப் பட்டது. கையால் முடியாததைக் காலால் செய்தார். தரையில் வரிசையாக, கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்கள். பாட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒன்றின் மேல் கால் விழும்.

அவற்றில் முதன்மையானது ‘பிக் மஃப்’. நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1969 வாக்கில் கொண்டுவந்த ஃபஸ் பெடல். மாஸ்கிஸுக்குப் பிடித்தது 1970களில் வந்த, ‘ராம்ஸ் ஹெட்’ என்று அழைக்கப்படும் பழைய வகை. கிட்டாரிலிருந்து வரும் மின் அலையை நான்கு டிரான்சிஸ்டர்கள் பன்மடங்கு பெருக்குகின்றன. வழியில் உள்ள டயோடுகள் அலையின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்குகின்றன. உச்சி வெட்டுப்படுவதால் ஒலி கரகரப்பாகிறது. தேய்ந்து மறைய வேண்டிய சுரமும் பெருக்கத்தின் பலத்தில் நெடுநேரம் நிற்கிறது. கிட்டார் பாடுவதுபோல் நமக்குத் தோன்றுவது அதனால்தான்.

கிட்டாரின் கதை இன்னும் சுவையானது. 1958இல் ஃபெண்டர் நிறுவனம் ஜாஸ் கலைஞர்களை மனத்தில் வைத்து ‘ஜாஸ்மாஸ்டர்’ செய்தது. ஜாஸ் உலகம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்குழுக்கள் கொஞ்ச காலம் கொண்டாடின. 1980 வாக்கில் உற்பத்தியே நின்றது. ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் பழைய ஜாஸ்மாஸ்டர்கள் மலிவாகக் கிடைத்தன. காசில்லாத இளைஞர்கள் அதை வாங்கினார்கள், மாஸ்கிஸும் வாங்கினார். ஒரு சிக்கல் இருந்தது: தடித்த தந்திகளை மென்மையாக மீட்டுவதற்காகச் செய்த கருவி அது. ஓங்கி வாசித்தால், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் தந்தி இடம் மாறி நழுவும். அதனால் பிரிட்ஜையே மாற்றிக்கொண்டார். 2007இல் ஃபெண்டர் இவர் பெயரிலேயே மினுமினுக்கும் ஊதா நிற ஜாஸ்மாஸ்டரை வெளியிட்டபோது, அதில் மாற்று பிரிட்ஜ் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. 2011இல் ஃபெண்டரின் மலிவு விலைப் பிராண்டான ஸ்கொயரும் இவர் பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. காசில்லாத அடுத்த தலைமுறைக்கு அது போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

குரலுக்கு வருகிறேன். தூக்கம் கலையாதவர் போல இழுத்து இழுத்துப் பாடுவார். வரிகளில் தயக்கமே அதிகம்: என்ன சொல்வதென்று தெரியவில்லை, உன்னோடு பேச முடியவில்லை என்கிற ரகம். நம் கச்சேரியில் பாடகர் பாடியதை வயலின் திருப்பிச் சொல்லும். இங்கே பாடகர் சொல்லாமல் விட்டதைக் கிட்டார் சொல்கிறது. பாட்டு எங்கே பேச்சற்று நிற்கிறதோ அங்கே கிட்டாரின் தனி வாசிப்பான சோலோ தொடங்குகிறது. வித்தை காட்டும் சோலோக்கள் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். இவருடையது அலுக்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வாய் பேசாத சுபாவத்துக்குக் குழு விலையும் கொடுத்தது. 1985, 1987, 1988 என மூன்று ஆல்பங்கள் வந்தன. 1989இல் குழு கலைகிறது என்று பார்லோவிடம் சொல்லிவிட்டு, மற்ற இருவரும் வேறு பேஸ் கலைஞரோடு பயணத்தைத் தொடர்ந்தார்கள். பார்லோ தன் கோபத்தை ‘செபாடோ’ என்ற சொந்தக் குழுவில் பாட்டாகவே பாடித் தீர்த்தார். பெரிய இசை நிறுவனம் ஒன்றின் மூலம் வந்த ‘கிரீன் மைண்ட்’ ஆல்பத்தில் (1991) பெரும்பாலான டிரம்ஸையும் மாஸ்கிஸே வாசித்தார். பின்னர் மர்ஃபும் விலக, 1997இல் குழு நின்றது. 2005இல் பழைய மூவரும் மறுபடி மேடையேறினார்கள். பிரிவதற்கு முன் மூன்று ஆல்பம் போட்டவர்கள், சேர்ந்த பிறகு 2021க்குள் ஐந்து போட்டுவிட்டார்கள். அதில் ஒன்றான ‘ஃபார்ம்’ (2009) ஐரோப்பாவில் வெளியானபோது, ஒரு மென்பொருள் பிழையால் ஒலி அளவு மூன்று டெசிபல் கூடிப்போய், அந்தப் பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்தக் குழுவுக்கே சத்தம் அதிகமாகிவிட்டது!

நமக்குப் பக்கத்தில் ஒரு தொடர்பும் உண்டு. மாஸ்கிஸ் கேரளத்து மாதா அமிர்தானந்தமயியின் பக்தர். 2005இல் நண்பர்களோடு சேர்ந்து அவருக்காகப் பாடிய பக்திப் பாடல்களை ஓர் ஆல்பமாகவே வெளியிட்டார்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘ஃப்ரீக் சீன்’ பாட்டில் தொடங்குங்கள். அடுத்து ‘கெட் மீ’. அதன் சோலோவை நடுவில் நிறுத்தாதீர்கள். பெடல் சத்தம் அதிகமில்லாமல் குரலைக் கேட்க வேண்டுமென்றால், ‘செவரல் ஷேட்ஸ் ஆஃப் வை’ என்ற 2011ஆம் ஆண்டின், பெரும்பாலும் அக்கௌஸ்டிக்கான ஆல்பம் இருக்கிறது. இயர்போனில் கேட்பவர்கள் ஒலியைப் பாதியில் வைத்துத் தொடங்குவது நல்லது. கேட்டுவிட்டு எழுதுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்