சப்போர்ட் இன்டர்வியூ: முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்

டெக்னிக்கல் சப்போர்ட் இன்ஜினியர் வேலை என்றதும் நம்ம ஆட்கள் பலருக்கு முகம் லேசாகச் சுருங்கும். "ஓ, கால் சென்டர் மாதிரியா?" என்பார்கள். அப்படி இல்லை. அமேசானில் இதற்கு கிளவுட் சப்போர்ட் இன்ஜினியர் என்று பெயர். கூகுளில் டெக்னிக்கல் சொல்யூஷன்ஸ் இன்ஜினியர். ஒரு கம்பெனியின் சிஸ்டம் நடுராத்திரி படுத்துவிட்டது, அவர்களுடைய இன்ஜினியர்களே கையைப் பிசைகிறார்கள் என்றால், அப்போது கூப்பிடுவது இவர்களைத்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வழி தேட அதிகபட்சம் 60 நாள்தான். இன்னொரு பக்கம், 2015 முதல் எச்4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் பல வருட இடைவெளிக்குப் பிறகு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் இது நல்ல கதவு.

என் அலுவலகத்தில் இந்த வேலைக்கு இன்டர்வியூ எடுப்பவர்களில் நானும் ஒருவன். எங்கள் கேள்விகளைச் சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் புழங்குகிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "வாடிக்கையாளர் தன் வெப்சைட் திறக்கவில்லை என்கிறார். என்ன செய்வீர்கள்?"

நம்மில் பலர் மூன்று நொடியில் "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவேன்" என்று சொல்லிவிடுவார்கள். கேள்வி வந்ததும் பதில் வரவேண்டும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இந்த இன்டர்வியூவில் அந்தப் பழக்கம்தான் காலை வாரும்.

எதிரே இருப்பவர் எதிர்பார்ப்பது உங்கள் கேள்விகளை. எல்லோருக்கும் திறக்கவில்லையா, ஒருவருக்கு மட்டுமா? எப்போதிலிருந்து? அதற்கு முன் ஏதாவது மாற்றினார்களா? திரையில் என்ன எரர் வருகிறது? ஒவ்வொரு பதிலும் தேடும் இடத்தைக் குறுக்கும். வெப்சைட் பெயருக்கு ஐபி முகவரியே கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ் பக்கம் பாருங்கள். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று உடனே வந்தால், பெரும்பாலும் மெஷின் வரை போய்விட்டோம், அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. ரொம்ப நேரம் சுற்றி டைம் அவுட் ஆனால் ஃபயர்வால் மீது சந்தேகம் வரவேண்டும். 502 வந்தால் முன்னால் நிற்கும் சர்வர் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருப்பது சரியான பதில் தரவில்லை. 504 என்றால் பின்னால் இருப்பது நேரத்துக்குள் பதில் தரவில்லை.

தெரியாத இடம் வந்தால், "இது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் குறையாது. தெரிந்த மாதிரி சமாளித்தால் அடுத்த இரண்டு கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

டெக்னிக்கல் சுற்றை விட நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது, பழைய அனுபவத்தைக் கேட்கும் சுற்றில். எங்கள் அபார்ட்மென்டில் ஓர் அக்கா இருக்கிறார். இரண்டு பிள்ளைகள், எட்டு வருட இடைவெளி. அவர் கணவரின் டீமில் ஆட்குறைப்பு தொடங்கியதும், "தம்பி, எனக்குக் கொஞ்சம் சொல்லித் தர்றியா?" என்று கேட்டார். சனிக்கிழமைதோறும் உட்கார்ந்தோம். லினக்ஸ், நெட்வொர்க்கிங் எல்லாம் ஆறு வாரத்தில் பிடித்துக்கொண்டார். "ஒரு சிக்கலைத் தீர்த்த அனுபவம் சொல்லுங்க" என்றால் மட்டும் மௌனம்.

"எட்டு வருஷமா வீட்லதானே இருக்கேன். என்னத்தச் சொல்ல?"

பேச்சுவாக்கில் தமிழ்ப் பள்ளி விஷயம் வந்தது. அவர் அங்கே தன்னார்வலர். அட்மிஷன் நாளன்று ஆன்லைன் படிவம் பாதிப் பேருக்குத் திறக்கவில்லை, வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. இவர் ஒவ்வொரு பெற்றோராகக் கூப்பிட்டு எந்த லிங்க், எந்த ஃபோன் என்று குறித்திருக்கிறார். போன வருட லிங்கைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் பிரச்சினை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பழைய லிங்க் புதிய படிவத்துக்குப் போகும்படி மாற்றச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே செய்தியாக அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, இதுதான் அந்த வேலையே" என்றேன். மறுபடி சொல்லச் சொன்னபோது, "எல்லாரும் சேர்ந்து பண்ணினோம்" என்று தொடங்கினார். ஃபோனைச் சுற்றியது யார்? அவர்தான். 'நான்' என்று சொன்னால் தற்பெருமை என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் இன்டர்வியூ எடுப்பவர் எழுதிக்கொள்வது நீங்கள் செய்ததை மட்டும். "நாங்கள்" என்றே பேசினால் அவர் தாளில் எழுத ஒன்றும் இருக்காது. சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு என்ற வரிசையில் நான்கைந்து கதைகளைத் தயாராக வைத்திருங்கள்.

அக்காவுக்கு முதல் கம்பெனியில் கடைசிச் சுற்று வரை போய் 'இல்லை' என்று வந்தது. இரண்டாவது இடத்தில் கிடைத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் பார்க்கிறார், அன்று சமையல் மாமாவுடையது.

கடைசியில் "உங்களுக்குக் கேள்வி ஏதாவது உண்டா?" என்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். ஷிஃப்ட் எப்படி, ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, இங்கிருந்து டெவலப்மென்ட் பக்கம் போனவர்கள் உண்டா? விசா ஸ்பான்சர் பற்றி மட்டும் கடைசி வரை காத்திருக்காமல், முதல் ஃபோனிலேயே ரெக்ரூட்டரிடம் கேட்டுவிடுங்கள். 60 நாளில் ஒரு வாரம்கூட வீணாகக்கூடாது.

அடுத்த மாதம், ரெஸ்யூமேயில் அந்த இடைவெளி வருடங்களை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.