இரைச்சலுக்காக எர்த் கம்பியை வெட்டலாமா?

மாணவர்களே, உலு யாமிலோ பத்தாங் காலியிலோ தீபாவளிக்குப் பாட்டுப் போட வீட்டு ஆம்ப்ளிபையரை முடுக்குகிறீர்கள். பாட்டுக்கு முன்பே ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வருகிறது. “பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிடு, சத்தம் நின்றுவிடும்” என்று யாராவது சொல்வார். பெரும்பாலும் நிற்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிபையரும் அதனுடன் இணைந்த கணினியும் தனித்தனிப் பிளக் வழியாக எர்த்தில் சேர்கின்றன. ஒலிக்கம்பியின் வெளியுறையும் அவற்றை இன்னொரு முறை இணைக்கிறது. இப்படி உருவாகும் வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே பெருகி இரைச்சலாகிறது. எர்த்தை வெட்டினால் வளையம் அறும், காவலும் அறும். உள்ளே மின்கம்பி உரசி உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறினால் ஃபியூஸ் எரியாது. தொட்டவர் உடலே மின்சாரத்துக்கு வழியாகும்.

முதலில் உள்ளீட்டுக் கம்பிகளை எல்லாம் கழற்றிப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்ப்ளிபையருக்குள்தான். முதுமையடைந்த மின்தேக்கியாக இருக்கலாம். அதன் ரீங்காரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கும். அமைதியாகிவிட்டதா? கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் சத்தம் திரும்புகிறதோ அந்தக் கருவியையும் ஆம்ப்ளிபையரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒலிக்கம்பியின் நடுவே மாட்டும் ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்ற சிறு மின்மாற்றிப் பெட்டி கடைகளில் கிடைக்கும்.