ஆராய்ச்சி யாருக்கு?

பி.எஸ்ஸி. முடித்தால் பி.எட்.; இல்லையேல் சர்வீஸ் கமிஷன் தேர்வு. நம் விடுதியில் மூன்றாவது வழியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆராய்ச்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அன்று நண்பர்களே!

சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் வென்று ஆய்வில் சேரும் இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது எம்.எஸ்ஸி.க்குப் பின். பி.எஸ்ஸி. பட்டதாரிகளையே நேரே சேர்த்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. படிப்பு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உண்டு. அதற்கு ‘ஜாம்’ தேர்வு எழுத வேண்டும்.

“நம் ஆய்வுக்கூடத்தில் என்ன இருக்கிறது?” என்று சலிப்போர் உண்டு. கணிப்பொறி வழி மாதிரியாக்கத்துக்கு முதல் தேவை கணிதமே. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய இருவரும், புரதச் சங்கிலி எக்கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டே ஒரு வரைபடம் தந்தனர். புரத அமைப்புகளைச் சரிபார்க்க உலகம் இன்றும் அதைப் பயன்படுத்துகிறது.

முதல் சம்பளத்துக்குக் காத்திருக்கும் பெற்றோரிடம் “இன்னும் ஐந்தாறு ஆண்டு” என்று சொல்வது எளிதன்று. உதவித்தொகை தாமதமாவதும் உண்டு, மறைப்பானேன்? ஆயினும் வேண்டாமென்று நாம் முடிவு செய்யவும் முதலில் செய்தி தெரிய வேண்டுமே! நம் அறிவிப்புப் பலகையில் வங்கித் தேர்வு விளம்பரம் தவறாமல் இடம்பெறுகிறது. ‘ஜாம்’ அறிவிப்பை ஒருமுறைகூட நான் கண்டதில்லை. பேராசிரியப் பெருமக்கள் இவ்வாண்டு அதை ஒட்டச் செய்து, இறுதியாண்டு வகுப்பில் அரைமணி நேரம் விளக்க வேண்டுகிறேன்.

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்