பிசுபிசுக்காத எண்ணெய்

பேத்தி புதிதாக ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். பிசுபிசுப்பே இல்லாத ஹேர் ஆயிலாம். "தேங்காயெண்ணெய் வச்சா மூஞ்சியெல்லாம் வழியுது தாத்தா" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். திண்டுக்கல் சித்திரை வெயிலில் நாகல்நகரிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வியர்வை, புழுதி, எண்ணெய் மூன்றும் நெற்றியில் வந்து நிற்கும்.

இருந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் இருந்த பெயர் லைட் லிக்விட் பாரஃபின். பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுப்பது. கெடுதல் என்று சொல்லமாட்டேன். கையில் ஒட்டாது, முடி பளபளக்கும். ஆனால் முடியின் மேலேயே நின்றுவிடும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது என்பதால் முடிக்குள் இறங்குகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய்தான். மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் குறைக்கவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ கம்பெனிக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கேட்டால், பிசுபிசுப்புக்குக் காரணம் எண்ணெயைவிட அதன் அளவுதான். எங்கள் அம்மா உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்ப்பார். பிறகு சீயக்காய் போட்டு அலசியும் விடுவார். நாம் அலசுவதை விட்டுவிட்டு, ஊற்றுவதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ராத்திரி நாலு சொட்டு தேங்காயெண்ணெய், காலையில் அலசல் என்று பேத்தியிடம் பேசி முடித்திருக்கிறேன். அந்தப் பாட்டிலும் அலமாரியில் இருக்கட்டும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது உதவும்.