முட்டி போடுகிறவரா நீங்கள்?

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலையைத் தாண்டிப் போகும் கூட்டத்தில் முட்டி ஜவ்வு அறுந்தவர்களும் இருப்பார்கள். வீக்கம் வடிந்துவிட்டால் 14 கிலோமீட்டர் திருவண்ணாமலை கிரிவலத்தையும் பலரால் நடந்து முடிக்க முடியும். நேராக நடக்க அந்த ஜவ்வுக்குப் பெரிய வேலையில்லை. கபடியில் ரெய்டு போனவன் கோட்டைத் தொடச் சட்டென்று திரும்பும்போதுதான் முட்டிக்குள் 'டப்' என்று கேட்கும்.

மருத்துவர்கள் ஏ.சி.எல். என்று சொல்லும் இந்த ஜவ்வு சுமார் 3 செ.மீ. நீளம்தான். அறுந்தால் பெரும்பாலும் தைத்து ஒட்டவைப்பதில்லை. வேறொரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டுச் செருகுகிறார்கள்.

எங்கிருந்து எடுப்பது?

தொடையின் பின்பக்கத்திலிருந்து என்றால், முட்டிக்குக் கீழே சின்ன வெட்டு போட்டு இரண்டு நாண்களை உருவி, மடித்து நாலு புரிக் கயிறாக்குவார்கள். 8 மி.மீ. தடிமனாவது வேண்டும். ஒல்லியான ஆட்களிடம் சில சமயம் அது தேறாது. முட்டிச் சில்லுக்குக் கீழேயுள்ள நாண் இன்னொரு வழி. அதன் நடுப்பகுதியை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு வெட்டி எடுப்பார்கள். எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும் என்பதால் ஆட்டக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு.

ஆனால் இந்த நாணை எடுத்தபின் முட்டி போட்டால் வலிக்கலாம். நாற்காலியிலேயே காலம் தள்ளுகிறவருக்கு அது சின்னத் தொல்லை. அடி அண்ணாமலையின் ஆதி அருணாசலேஸ்வரர் சந்நிதியில் பஞ்சாங்க நமஸ்காரம் செய்யும் பெண்ணுக்கு? ஐந்து வேளை தொழுகிறவருக்கு? தொடை நாணிலும் குறை உண்டு: முட்டியை ஆழமாக மடக்கும் வலு கொஞ்சம் குறையும். குத்தவைத்து உட்காருகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்வது நல்லது. கணுக்காலின் வெளிப்பக்க நாணை எடுக்கும் வழக்கமும் இந்தியாவில் வந்துவிட்டது. ஸ்கேனில் எல்லாம் தெரியும். நோயாளி வீட்டில் எப்படி உட்காருகிறார் என்பது தெரியாது.

இறந்தவர் தந்த நாணும் உண்டு. 2006 ஜனவரியில் முட்டி சிதைந்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் கார்சன் பாமருக்கு, விபத்தில் இறந்த 44 வயதுப் பெண்ணின் குதிகால் நாணைப் பொருத்தினார்கள். செப்டம்பரில் ஆடுகளத்தில் இருந்தார். அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்: இளம் ஆட்டக்காரர்களுக்கு இந்த வகை நாண் மறுபடி அறுந்துபோவது அதிகம்.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் ஜவ்வு அறுவைக்குப் பிறகு காலை இழந்து, உயிரையும் இழந்தார். இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. எந்த நாண் என்று கேட்கிறவர்கள், கட்டை எப்போது தளர்த்துவார்கள் என்றும் கேட்கலாம்.

அறுவைக்குப் பிறகு மூன்றாம் மாதம் வலி போய்விடும், பையன் குதிப்பான். உள்ளே நாண் அப்போதும் நோஞ்சான்தான். ஜவ்வாகத் தேற ஒன்பது மாதத்துக்கு மேலாகும். கிரிவலம் நடக்க அதற்கு முன்னாலேயே விட்டுவிடுவார்கள். ஆனியில் அறுவை செய்துகொண்டவனுக்கு, வருகிற பொங்கல் கபடி கிடையாது.