கருவியும் கையும்: பங்காளி விற்கும் மெஷினைச் சோதிக்காமல் வாங்கலாமா?

''எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மரவள்ளியும், 40 வெள்ளாடுகளும் இருக்கின்றன. புதிதாகப் பரண் கொட்டகை போடப் போகிறோம். 30 அடி நீளம், 12 அடி அகலம். ரீப்பர் அறுக்கவும், பிறகு மகன் தொழிலுக்கு வைத்துக்கொள்ளவும் ஒரு மைட்டர் சா மெஷின் வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். அவருடைய பங்காளி முறையில் ஒருவர் மூன்று வருடம் ஓட்டிய 10 அங்குல மெஷினை 9,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கடையில் புதுசு 18,500 ரூபாய் சொன்னார்கள். மகன் ஐ.டி.ஐ-யில் மரவேலை படித்திருக்கிறான். கிடாய் விற்ற பணம்தான் கையில் இருக்கிறது. மெஷின் சரியாக அறுக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதித்துப் பார்த்தால் பங்காளி மனம் கோணுவாரோ என்றும் பயம். பெயரைப் போட வேண்டாம். இரண்டு வீட்டிலும் இந்த இதழ் வாங்குகிறோம்.''

- வாசகி, ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெயரைப் போடவில்லை சகோதரி. ஆனால், பங்காளியும் இதைப் படிப்பார் என்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் கொட்டகைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2 அங்குல ரீப்பர், நடுவில் அரை அங்குலம் இடைவெளி என்று வைத்தால், 30 அடிக்கு 144 துண்டு வரும். 3 அடித் துண்டாக 12 அடி அகலத்துக்கு நான்கு வரிசை போட்டால் 576 துண்டு. 12 அடி ரீப்பர் 144 வாங்கி, ஒவ்வொன்றையும் நான்காக்க வேண்டும். கை ரம்பத்தில் குறி போட்டு அறுக்க ஒரு துண்டுக்கு 2 நிமிடம் என்றாலும் 19 மணி நேரம். அதாவது, ஓர் ஆசாரிக்கு இரண்டரை நாள் வேலை. மெஷினில் அரை நாள்.

இரண்டரை நாள் கூலியை மிச்சம் பிடிக்க 9,500 ரூபாய் போடுவது நஷ்டம். சொந்த மெஷினோடு வரும் ஆசாரியை ஒரு நாளைக்கு அழைத்தால் வேலை முடிந்துவிடும். கொட்டகைக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

பரண் ரீப்பருக்கு மெஷினின் துல்லியமும் பெரிதாகத் தேவையில்லை. வெட்டு 1 டிகிரி சாய்ந்தாலும் ஆட்டின் குளம்புக்குத் தெரியாது. துண்டுகள் ஒரே நீளமாக இருந்தால் போதும். அதற்கு மெஷின் பக்கத்தில் ஒரு கட்டையை ஆணியடித்து நிறுத்தி, ரீப்பரின் நுனியை அதில் முட்டவைத்து அறுத்தால் போதும். இங்கே ஒரு விஷயம் பலருக்கு மறந்துபோகும். பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ மரத்தைத் தின்றுவிடும். 12 அடியில் சரியாக நாலு 3 அடி வராது, கடைசித் துண்டு குட்டையாகிவிடும். 35¾ அங்குலம் வைத்து அறுங்கள். அடிச்சட்டங்களையும் அந்தக் கணக்கில் நிறுத்துங்கள். கொட்டகை அமைப்பு பற்றிய சந்தேகங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நேரில் போய்க் கேளுங்கள். ரீப்பர் வாங்குவதற்கு முன்பே போவது நல்லது.

இனி மகன் தொழில். மெஷினின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. ஜன்னல் பீடிங், கொசுவலைச் சட்டம், சாமி படச் சட்டம் என்று 45 டிகிரியில் மூலை சேர்க்கும் வேலைகள் வரும்போது துல்லியம் சோறு போடும். துல்லியமில்லாத மெஷின் சோற்றைப் பிடுங்கும். ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கால் டிகிரி தப்பினால், கடைசி மூலையில் 2 டிகிரி சேர்ந்துவிடும். 3 அங்குல அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 4 மி.மீ வாய் பிளந்து நிற்கும். நான் முதன்முதலில் வாங்கிய பழைய மெஷினில் பூஜை அறைக் கதவுக்குச் சட்டம் செய்து, மூன்று மூலை அழகாகச் சேர்ந்து, நாலாவது மூலையில் தீப்பெட்டி நுழைகிற அளவு சந்து விழுந்தது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். ஒரு வெயிலுக்குள் உதிர்ந்துவிட்டது. என் மாமியார் இன்றைக்கும் அந்த மூலையில்தான் ஊதுபத்தி செருகுகிறார்.

சோதனைக்கு வருவோம். பங்காளி மனம் கோணாமல் செய்ய வழி இருக்கிறது. 'மெஷினைப் பார்க்கணும்' என்று போகாதீர்கள். இழைப்புளி போட்டு, நான்கு பக்கமும் நேராக்கிய 4 அங்குலத்துக்கு 2 அங்குல மரம், 3 அடி நீளத்தில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 'நாலு துண்டு அறுத்துக் குடுங்க, பையனும் பழகிக்கட்டும்' என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். மரமே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

மெஷினை 0-வில் வைத்துக் குறுக்கே ஒரு வெட்டு. இரண்டு துண்டையும் வெட்டிய வாய் சேரும்படி மேடை மேல் வையுங்கள். இப்போது இடைவெளி தெரியாது. கோணல் மெஷினில் அறுத்தாலும் தெரியாது. ஏனென்றால், ஒரு துண்டின் கோணலுக்குள் இன்னொன்றின் கோணல் பொருந்திக்கொள்ளும். பலர் இதைப் பார்த்துவிட்டு 'அடடா' என்று பணத்தை நீட்டிவிடுவார்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, அடிப்பக்கம் மேலே வரும்படி வைத்து மறுபடி சேருங்கள். இரண்டையும் மெஷினின் பின்தடுப்போடு அணைத்தே வைக்க வேண்டும். இப்போது தப்பு இரண்டு மடங்காகத் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது சந்து தெரிந்தால் பின்தடுப்பு பிளேடுக்கு மூலமட்டத்தில் இல்லை. முன்னாலிருந்து பார்க்கும்போது மேலேயோ கீழேயோ சந்து தெரிந்தால், பிளேடு செங்குத்தாக நிற்கவில்லை.

பஸ் டிக்கெட்கூட நுழையவில்லை என்றால் அருமையான மெஷின். 4 அங்குல மரத்தில் தீக்குச்சி நுழைகிறது என்றால், அரை டிகிரிக்கு மேல் தப்பு. அதற்காக உடனே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். பின்தடுப்பின் போல்ட்டைத் தளர்த்தி, மூலமட்டத்தை பிளேடின் உடம்பில் - பல்லில் அல்ல - ஒட்டவைத்துச் சரிசெய்து முடுக்கினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

முக்கியமான சோதனை அடுத்ததுதான். மெஷினை 45-க்குத் திருப்பி, மறுபடி 0-வுக்குக் கொண்டுவந்து அறுங்கள். இன்னொரு முறை 45 போய் வந்து அறுங்கள். ஐந்து முறை இப்படிச் செய்து, ஒவ்வொரு முறையும் புரட்டிப் பாருங்கள். ஐந்து முறையும் ஒரே அளவு சந்து என்றால், திருத்தக்கூடிய மெஷின். ஒருமுறை டிக்கெட், ஒருமுறை தீக்குச்சி, ஒருமுறை ஒன்றுமில்லை என்று வந்தால், கோணம் பிடித்து நிற்கும் பள்ளங்களோ, கை மடங்கும் அச்சோ தேய்ந்திருக்கிறது. எடை மேடை எப்போதும் 2 கிலோ குறைத்துக் காட்டினால் கூட்டிக்கொள்ளலாம். வண்டிக்கு வண்டி மாற்றிக் காட்டினால் என்ன செய்வது? அந்த மெஷினை 3,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும் மகன் தொழிலுக்கு ஆகாது.

அதோடு, உங்கள் மூலமட்டமே சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். நேரான பலகை விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு. அதே புள்ளியில் மட்டத்தை மறுபக்கம் திருப்பி இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விரிந்தால் மட்டம்தான் பொய் சொல்கிறது.

45 டிகிரிக்குத் தனியாக எதுவும் அளக்க வேண்டாம். ஓரடித் துண்டுகள் நாலு அறுத்து, சட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். எதிரெதிர்த் துண்டுகள் ஒரே நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோணம் சரியாக இருந்தாலும் மூலை சேராது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசாரி சொல்வார்: ''ஏனுங்க, மெஷின் மேல பழி போடறதுக்கு முன்னால டேப்பைப் பாருங்க.'' நம் பக்கத்து வாசல் நிலைகளைத் துளையும் கழுந்துமாகத்தான் கோக்கிறார்கள். அவற்றுக்கு 45 டிகிரியே தேவைப்படாது என்பதையும் மகன் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். சுற்று வட்டாரத்தில் எந்த வேலை அதிகம் வருகிறது என்று இரண்டு ஆசாரிகளிடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

அறுத்து முடித்ததும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது ஒரு பென்சில் முனையை அதன் உடம்பருகே அசையாமல் பிடித்தால், பிளேடு ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் பிளேடு வளைந்திருக்கலாம், அல்லது அச்சு வளைந்திருக்கலாம். வேறு பிளேடு மாட்டிப் பார்த்தால் எது என்று புரியும். அச்சு என்றால் விட்டுவிடுங்கள். அடுத்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்தால் கட கட என்று ஆடக் கூடாது. மூன்றாவது, பிளேடின் காப்புமூடி. கையைத் தூக்கியவுடன் அது தானாக இறங்கிப் பல்லை மூட வேண்டும். அதைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தாலோ, கழற்றிப் போட்டிருந்தாலோ, சரிசெய்து கொடுத்த பிறகே பேச்சு. விரல் போன பின்னால் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

மெஷின் ஓடும்போது மோட்டார் காற்றோட்டத் துளை வழியே நெருப்பு வளையம் போலத் தெரிந்தால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிரஷ் மாற்றுவது சின்னச் செலவு. மாற்றியும் அப்படியே இருந்தாலோ, வார்னிஷ் கருகிய வாடை வந்தாலோ ஆர்மேச்சர் வேலை. அது பெரிய செலவு. பல் மழுங்கிய பிளேடு என்றால் புது பிளேடின் விலையைக் கழித்துப் பேசுங்கள். வாங்கும்போது கார்பைடு முனை வைத்ததாகவே வாங்குங்கள். நம் பக்கத்துப் பனஞ்சட்டமும் தென்னையும் சாதாரணப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ரீப்பர் வேலைக்கு 40 பல், சட்ட வேலைக்கு 60 அல்லது 80 பல். பழைய ஓட்டு வீட்டு மரத்தை அறுப்பதற்கு முன்பு, காந்தம் ஒன்றை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். ஓர் ஆணி போதும், கார்பைடு முனை தெறிக்க.

கரன்ட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. இந்த ரக மெஷின்கள் 1,650 வாட் அளவில் இருக்கும், சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். வீட்டிலிருந்து கொட்டகைக்கு 150 அடி தூரம் மெல்லிய 1 சதுர மி.மீ ஒயரில் இழுத்தால் ஓடும்போதே சுமார் 12 வோல்ட் ஒயரில் போய்விடும். கிளம்பும்போது இன்னும் அதிகம். நம் கிராமத்து மாலை நேர வோல்டேஜில் அதையும் இழந்தால், மோட்டார் திணறிச் சூடாகும். 2.5 சதுர மி.மீ தாமிர ஒயர், 15 ஆம்பியர் பிளக், எர்த்தோடு. இன்னொன்று, கிணற்று மோட்டாருக்கான இலவச இணைப்பிலிருந்து இழுக்காதீர்கள். கொடுத்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம், 2003-ன் 126-வது பிரிவில் வரும். இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிட்டு வசூலிக்க வழி இருக்கிறது.

ஐந்து வெட்டும் ஒரே மாதிரி வந்து, மூடியும் சரியாக இருந்தால் 8,000 ரூபாய் வரை தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்து வாரன்டியோடு புதிதாக வாங்குவதே மேல். புதிது வாங்கினாலும் இதே மரத்துண்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பாருங்கள். பெட்டி பிரிக்காத மெஷினிலும் பின்தடுப்பு தள்ளியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

''மைட்டர் சா-வில் இரும்பு அறுக்கும் வட்டக்கல்லை மாட்டி, கொட்டகைக்கு ஜி.ஐ பைப் அறுக்கலாமா? பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.''

- வாசகர், எடப்பாடி, சேலம் மாவட்டம்.

கூடாது. இரும்புக்கு 14 அங்குல கட்-ஆஃப் மெஷின் தனியாக இருக்கிறது. மர மெஷினின் சுழற்சி வேகம் அதைவிட அதிகம். அந்த வேகத்துக்கு ஏற்காத கல் உடைந்து தெறிக்கும். மூடி பிளாஸ்டிக், உள்ளே மரத்தூள் தேங்கியிருக்கும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பின்தடுப்பும் அச்சும் இரும்புத் துகளில் தேய்ந்து, பிறகு மரத்தையும் நேராக அறுக்காது. பக்கத்துத் தோட்டத்து மெஷினை யாராவது உங்களிடம் விலைக்குக் கொண்டுவந்தால், மேலே சொன்ன ஐந்து வெட்டுச் சோதனையை ஆறு முறை செய்யுங்கள்.